ஜெயிச்ச குதிரை திடீர்னு நொண்டுவது ஏன்? பயிற்சியாளர் மேல் பாயும் சந்தேகம்!

கள்ளக்குறிச்சி:
கல்வராயன் மலை அடிவாரத்தில் இளங்கன்றை ஏரில் பூட்ட மாட்டார்கள். எலும்பு முற்றட்டும் என்று விடுவார்கள். ஆனால் பந்தய குதிரையோ 2 வயசிலேயே களம் இறங்குகிறது!

அந்த வயசில் எலும்பு முழுசாக முற்றியிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஓட விட்டால் பலப்படும். அவசரப்பட்டால் முன்னங்கால் எலும்பு வீங்கும், தசைநார் கிழியும். நுரையீரலில் ரத்தம் கசிவதும் உண்டு.

சந்தேகம் ஏன்?

வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டால், குதிரை காயத்தோடயே ஓடும். கடைசியில் எலும்பே முறியும். அதனால்தான் குதிரை படுத்தால், பணம் கட்டியவர்கள் முதலில் பயிற்சியாளரை கை காட்டுகிறார்கள். இதை தடுக்கத்தான் ஜெயித்த குதிரையின் சிறுநீர், ரத்தம் சோதனைக்கு போகிறது.

1,000 டாலர் குதிரை

அமெரிக்காவின் 'மெடினா ஸ்பிரிட்' முதலில் வெறும் 1,000 டாலருக்கு விலை போன குதிரை. 2021 மே மாதம் கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்து அசத்தியது. ஆனால் சோதனையில் 'பீட்டாமெத்தசோன்' என்ற வீக்க மருந்து சிக்கியது. தோல் அரிப்புக்கு தடவிய களிம்பு என்றது பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு. 2022-ல் பட்டம் பறிபோனது.

அதற்கு முன்பே, 2021 டிசம்பரில் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் குதிரை சுருண்டு விழுந்து செத்தது. வயசு 3 தான். மருந்துதான் கொன்றதோ என்று பேச்சு கிளம்பியது. பிரேத பரிசோதனையில் தடை மருந்து எதுவும் சிக்கவில்லை. சாவுக்கான காரணமும் உறுதியாகவில்லை.

சந்தேகப்படுவது சுலபம். குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியது சோதனைக்கூடம்தான். மருந்தே போடாவிட்டாலும், பிஞ்சுக் காலை விரட்டுற அவசரம் போதும், நல்ல குதிரையை முடக்கிவிடும்.