பண்டமாரான் நிழலில் ‘இதயப்பூ’ பூக்குமா?

எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், மாமியார் மருமகள் சண்டை என்றுதான் பேச்சு போகும். சென்ற பதிவில் அது பூச்செடிப் பக்கம் திரும்பியது. பண்டமாரானிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா தம் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசை மீது வைத்தார். உள்ளே கறுத்து அழுகிப்போன வேர்த்துண்டுகள்.

“இணையத்தில் பார்த்து 90 வெள்ளி கொடுத்து வாங்கினேன்மா. நிழலில் வளரும் என்றுதான் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நிழலுக்கா பஞ்சம்? பிறகு ஏன் செத்துப்போனது?” என்று கேட்டார்.

அரங்கில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஈராண்டுகளுக்கு முன் இதே வேரை வாங்கி இதே போல் அழுகக் கொடுத்தவள் நான். அன்று நேரம் போதாமல் பாதியில் விட்ட பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘பிளீடிங் ஹார்ட்’ என்று சொல்லும் அந்தச் செடி சைபீரியா, வடசீனா, கொரியா பக்கத்தைச் சேர்ந்தது. வில்லாய் வளைந்த தண்டில் இளஞ்சிவப்பு இதயங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வோர் இதயத்தின் அடியிலும் ஒரு வெள்ளைத் துளி. 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற செடி சேகரிப்பாளர் சீனாவிலிருந்து அதை இங்கிலாந்துக்கு அனுப்பிய பிறகு மேற்கத்தியத் தோட்டங்களில் அது பரவியது. வசந்தத்தில் முளைக்கும், பூக்கும். கோடை வெயில் ஏறினால் இலை மஞ்சளித்துத் தரையோடு மறைந்துவிடும். பனிக்காலம் முழுவதும் வேர் மண்ணுக்குள் தூங்கும். அந்தக் குளிர்த் தூக்கம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஒழுங்காக எழாது.

அந்தச் செடிக்கு நிழல் என்றால் குளிர்ந்த காட்டு நிழல். நம் வீட்டு நிழலோ துத்தநாகக் கூரையின் வெக்கை இறங்கும் நிழல். அதுகூடப் பரவாயில்லை. கிள்ளான் பகுதியில் இரவிலும் 22 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த வேருக்கு நம் ஊரில் இரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்! போதாததற்குப் பண்டமாரான் மண், கடலோரக் களிமண். மழை பெய்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சதைப்பற்றான வேர் அதில் அழுகாமல் என்ன செய்யும்?

“குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நாள் வைத்து நட்டால்?” என்று இன்னொரு நேயர் கேட்டார். ஒருமுறை முளை வரலாம். வெளியே வந்ததும் அதைப் பார்ப்பது நம்மூர் வெயிலைத்தான். கேமரன் மலையிலும் உறைபனி விழுவதில்லை. அந்த ஆசையை விட்டுவிடலாம். மேலும், வெளிநாட்டிலிருந்து உயிருள்ள வேரைத் தருவிப்பதற்கு 1976ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதே ‘பிளீடிங் ஹார்ட்’ என்ற பெயரில் ஒரு கொடி உண்டு. முதல் செடிக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது துளசி, புதினா குடும்பம். சொந்த ஊர் வெப்பமான மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே பழைய கலபாரில், அதாவது இன்றைய நைஜீரியாவில், சமயப் பணியாற்றிய வில்லியம் கூப்பர் தாம்சன் என்ற பாதிரியார் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பெயர் வைக்கக் கேட்டுக்கொண்டார். 1862இல் இதற்குக் ‘கிளெரோடென்ட்ரம் தாம்சோனியே’ என்று பெயரிட்டார்கள்.

மலாய்க்காரர்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடித்தது: ‘நோனா மாக்கான் சிரே’. வெற்றிலை போடும் மங்கை! வெள்ளை உறைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்ப்பதைப் பாருங்கள், பெயர் வைத்தவரின் கண்ணை மெச்சத் தோன்றும். எங்கள் பாட்டி தோட்டத்து லயத்திலிருந்து பண்டமாரானுக்குக் குடிவந்தபோது மைலோ டின்னில் ஒரு குச்சியை ஊன்றிக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மாக்சிக் அந்தப் பெயரைச் சொன்னதும், வாயில் வெற்றிலையோடு பாட்டி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுதான் இந்தப் பூ என்று தெரியாமலே நான் 90 வெள்ளி வேரைத் தேடிப் போயிருக்கிறேன்.

அந்த வெள்ளை, இதழ் அல்ல, புல்லிவட்டம். சிவப்பு மட்டுமே இதழ். சிவப்பு உதிர்ந்த பிறகும் வெள்ளை பல நாள் நின்று மெல்ல ஊதா சாயலுக்கு மாறும். அதனால் ஒரு கொத்து வெகு நாள் கண்ணுக்கு விருந்து.

வளர்ப்பு கடினமில்லை. காலை வெயில் பத்து மணி வரை பட்டு, பிறகு நிழல் விழும் இடம் பார்த்து வையுங்கள். கிழக்குப் பார்த்த கார் நிறுத்துமிடத்துத் தூண் மிகப் பொருத்தம். வீட்டு மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். கடையில் பையில் விற்கும் ‘தானா ஹித்தாம்’, ஆற்று மணல், கருக்கிய நெல் உமி மூன்றையும் கலந்தால் தண்ணீர் தேங்காது. கொடி மூன்று நான்கு மீட்டர் ஏறும். ஒரு கம்பி வலை போதும்.

“எங்கள் வீட்டில் இலை மட்டும்தான், பூவே இல்லை” என்று மூன்று பேர் சொன்னார்கள். விசாரித்தால் ஒருவர் செடியைச் சூரியனே எட்டிப் பார்க்காத பின்சந்தில் வைத்திருந்தார். நிழல் விரும்பி என்றால் இருட்டு விரும்பி என்று பொருளல்ல. இன்னொருவர் வாரம் தவறாமல் தழைச்சத்து உரம் போட்டிருக்கிறார். இலை கொழுக்காமல் என்ன செய்யும்? சாம்பல் சத்து கூடிய பூச்செடி உரம், அதுவும் அளவாக, போதும். மூன்றாமவர் கத்தரிக்கோலையே எடுத்ததில்லை. இந்தக் கொடி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். கை நடுங்க வேண்டாம், துளிர்க்கும். இலையடியில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் சவர்க்கார நீர் தெளித்துத் துடைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டிங்கியால் மருத்துவமனையில் படுப்பவர்கள் சிலாங்கூரில் எத்தனை பேர் என்று செய்தி படிக்கும் எனக்குத் தெரியும். சட்டப்படி அபராதமும் உண்டு.

செடி வாங்க சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போகலாம். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காக ஆரம்பித்த தொழில் அது. மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காசு செலவழிக்க மனமில்லையா? தெரிந்தவர் வீட்டில் முற்றவும் இல்லாத, இளசும் இல்லாத ஒரு சாண் குச்சி கேளுங்கள். கீழ் இலைகளை நீக்கி ஈர மணலில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நிழலில் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டுக் கொடியிலிருந்து ஐந்து குச்சி வெட்டிக் கொடுத்தேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு காய்ந்துவிட்டன, மூன்று துளிர்த்திருக்கின்றன. ஒன்றை எதிர் வீட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதாம்.