கருவாடும் பர்வதமலையும்

"சித்ரா பௌர்ணமிக்குப் பர்வதமலை போறோம்ணே. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி போதும்தானே?" எண்ணூர் டீக்கடையில் தம்பிகள் இருவர் கேட்டார்கள். போதாது. ஏன் என்பதைச் சொல்ல ஒரு டீ நேரம் வேண்டும் என்று உட்காரவைத்தேன்.

உடம்பைக் குளிர வைப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வது. எண்ணூரில் கடல்காற்றில் ஈரம் அதிகம். அதனால் வியர்வை காயாமல் வழிகிறது. சட்டை முதுகில் ஒட்டுகிறது. காற்றில் ஈரம் ஏறிய நாளில் கருவாடு காயாமல் பிசுபிசுக்கிறதே, அதே கணக்குதான். ஆனால் நமக்கு இதில் ஒரு நன்மை உண்டு: வியர்ப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் கேட்கிறோம்.

பர்வதமலை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், கடலை விட்டு வெகுதூரம். சித்திரையில் அங்கே காற்று வறண்டது. வியர்வை சுரந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையவில்லை, நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். கறுப்புச் சட்டை போட்டவர் முதுகைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். போன தண்ணீருக்கு அதுதான் சாட்சி. வெயிலில் மலை ஏறுகிற உடம்பு மணிக்கு ஒரு லிட்டர்கூட இழக்கும். ஏறவே மூன்று, நான்கு மணி நேரம். இப்போது கணக்குப் போடுங்கள்.

"மேலே போனா குளுருமேண்ணே?" என்றான் ஒருவன். உண்மைதான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆனால் அது நிழலில் உள்ள காற்றின் கணக்கு. உச்சியில் உள்ள மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலை நெருங்கும்போது மரநிழல் இருக்காது. மொட்டைப் பாறை, அதில் கடப்பாறை அடித்து வைத்த படி, பிடித்து ஏற இரும்புச் சங்கிலி. உச்சிவெயிலில் அந்த இரும்பில் கை வைக்க முடியாது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தை விசாரித்து, விடிந்ததும் முதல் ஆளாக ஏறுங்கள்.

ஆளுக்கு நான்கு லிட்டர் எடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போன உப்பு திரும்பாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. தாகத்துக்குக் காத்திராமல் வாய் வாயாகக் குடியுங்கள்.

கூட வருகிறவர் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், அது வெறும் களைப்பு இல்லை. உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள், 108க்குச் சொல்லுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இறங்கும்போதுதான் வெயில் உச்சத்தில் இருக்கும். அதனால் பாதித் தண்ணீர் தீர்ந்த இடம் எதுவோ, அங்கிருந்தே மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள், தம்பிகளா.