சிப்பாய்களுக்காக எழுந்த வானொலி

அல்சூரிலும், தண்டு என்று நம்மவர் வழங்கும் கண்டோன்மென்டிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்களின் முதியோரிடம் இலங்கை வானொலியைப் பற்றிக் கேட்டால் போதும்; முகம் மலர்ந்துவிடும். நம் பாட்டனார் இல்லத்திலும் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டி, பூவேலைத் துணி போர்த்தி, பூஜைப் பெட்டியைப் போல அதனைப் பேணினார்களாம். குமிழைத் திருப்பினால் இரைச்சலினூடே கொழும்பு கிட்டும். அந்தக் கொழும்பு ஒலிபரப்பு யாருக்காக அத்துணை வலிமை பெற்றது என்பதை அறிந்தோர் நம்முள் சிலரே. நமக்காக அன்று, கீழ்த்திசைப் போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்காக!

யுத்தத்திற்கும் இலங்கை வானொலிக்கும் உள்ள உறவு அதற்கும் முற்பட்டது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே, தந்தி இலாகா எஞ்சினியரான எட்வர்ட் ஹார்ப்பர் 1924இல் கொழும்பில் சோதனை ஒலிபரப்பை நடத்தினார். கப்பல்களை மூழ்கடிக்க உதவிய கருவி இசைத்தட்டுப் பாடத் தொடங்கியது விந்தையே. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. மறு ஆண்டு மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை அமைந்தது. 1944இல் அதன் தலைமையகம் கண்டிக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் கூடாரமடித்தது. பர்மா எல்லையில் போரிட்ட பதினான்காம் படைக்கு அக்காலத்தில் 'மறக்கப்பட்ட படை' என்றே பெயர். பத்திரிகைகளின் கண்ணெல்லாம் ஐரோப்பாவின் மீதிருந்தது. மழை, மலேரியா, தனிமை ஆகிய மூன்றும் குண்டுக்கு இளைத்தவையல்ல. வேரா லின் என்னும் பாடகி 1944இல் லண்டனிலிருந்து பர்மா முனைக்கே வந்து பாடினார். ஆயினும் ஒரு பாடகி எத்தனை பாசறைக்குச் செல்ல இயலும்? வானொலியால் இயலும். சிற்றலை வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல்களைத் தாண்டும். ஆகவே அதே ஆண்டில் 'ரேடியோ ஸீயாக்' என்ற படையினர் நிலையம் கொழும்பில் தோன்றியது. அதற்கென வந்த 100 கிலோவாட் ஒலிபரப்பி ஏக்கலையில் நிறுவப்பட்டு முழங்கத் தொடங்கியதோ 1946இல். அதற்குள் யுத்தமே ஓய்ந்துவிட்டது! கப்பலுக்காகக் காத்திருந்த துருப்புகளே அதனைக் கேட்டன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பதினான்காம் படையில் பெரும்பாலோர் இந்தியர். அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் பர்மாவில் பாலமிட்டுப் பாதை வகுத்தவர்களே. ஆனால் ரேடியோ ஸீயாக் முதன்மையாக பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஏக்கம் தீர்க்க எழுந்தது. எதிர்ப்புறத்திலோ நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசிற்று. கூலிக்கும் கடமைக்கும் போர்புரிந்த நம்மவர் காதில், தாய்மொழி எதிரணியிலிருந்து வந்து விழுந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1949இல் அந்நிலையம் சுதந்திர இலங்கையின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியரான கிளிஃபோர்ட் டாட் என்பவரைக் கொண்டு இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அடுத்து நிகழ்ந்ததற்கு நம் நாட்டு மந்திரிக்கே நன்றி கூற வேண்டும். 1952இல் செய்தி ஒலிபரப்பு இலாகாவை ஏற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருக்கினார். சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்க அவர் செய்தது மெய்யாகவே பெரிது. ஆனால் ஜனங்கள் குமிழைத் திருப்பிவிட்டார்கள். வடக்கே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, தெற்கே எஸ். பி. மயில்வாகனத்தின் குரல். கன்னட நாட்டில் குடியேறிய நம்மவர்க்கு அது வெறும் பாட்டு மட்டுமன்று. தெருவில் ஒரு மொழி, ஆபீஸில் ஒரு மொழி என்றிருந்த நாளில், பிள்ளைகளின் செவியில் நல்ல உச்சரிப்புடன் தமிழ் விழ அதுவும் ஒரு வழி. நம் தந்தையார் 'ழ'கரம் கற்றது அந்தப் பெட்டியிடம்தான் என்று பாட்டியார் சொல்வார்.

தோல்வியை உணர்ந்த சர்க்கார் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கியது. அதிலே நம் ஜவான்களுக்கென்றே 'ஜெயமாலா' என்ற நிகழ்ச்சி ஏற்பட்டது. எல்லையில் நிற்கும் வீரர் கடிதம் எழுதிக் கேட்ட பாட்டு, அவர் பெயருடன் ஒலிபரப்பாகும். நம் பாட்டியாரும் இரண்டொரு நாள் அதனைக் கேட்டுப் பார்த்தாராம். ஹிந்தி விளங்கவில்லை, மீண்டும் கொழும்பிலேயே குமிழை நிறுத்திவிட்டார்.