தோட்டம் போனது, படமும் போகலாமா?
வீட்டு சர்வர் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத் தாமான்களில் இன்று குடியிருக்கும் நம்மவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் சம்பந்தன் முயற்சியில் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். ஆனாலும் பின்வந்த ஆண்டுகளில் பல தோட்டங்கள் கைமாறின. சில செம்பனைக்கும் சில வீடமைப்புக்கும் போயின. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன.

அப்படி மறைந்துபோன இடங்களுக்கு இன்று சாட்சியாக இருப்பவை குடும்பப் படங்கள்தாம். அம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, திடலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம், மரம் வெட்டப் புறப்படும் பாட்டி. இவற்றை மறுபடியும் எடுக்க முடியாது. ஆனால் அவை இருக்கும் இடத்தைப் பாருங்கள். பாதி அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கும் வீடியோ கேசட்டில், மீதி அண்ணனின் பழைய மடிக்கணினியிலும் தங்கையின் கைப்பேசியிலும்!

கேசட்டுக்கு இனி அதிக காலம் இல்லை. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016ஆம் ஆண்டு ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் கருவி கிடைக்கும்போதே கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய பிறகு அவற்றை எங்கே வைப்பது? இங்குதான் 'வீட்டு சர்வர்' என்ற பேச்சு வருகிறது.

சர்வர் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கணினி, அதற்குள் ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான். வீட்டு ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் தங்கள் படங்களை அதில் சேமிக்கலாம். கூடத்துத் தொலைக்காட்சியில் அதே படங்களையும் காணொளிகளையும் போட்டுப் பார்க்கலாம். இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியை 'நாஸ்' என்பார்கள். சினாலஜி, கியூநாப் ஆகிய தைவான் நிறுவனங்களின் பெட்டிகள் கடைகளில் அதிகம் தென்படுகின்றன.

இந்தப் பெட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று பாதுகாப்பது, மற்றொன்று காட்டுவது. கடைக்குப் போகிறவர்கள் இரண்டாவது வேலையைப் பற்றியே கேட்கிறார்கள். பணமும் அதற்கே செலவாகிறது. உண்மையில் முதல் வேலைதான் முக்கியம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

முதலில் கணக்குப் போடுவோம். டிவிடி தரத்தில் மாற்றினால் மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட் ஏறக்குறைய 7 கிகாபைட். படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று வைத்தால் பத்தாயிரம் படங்களுக்கு 40 கிகாபைட். இருபது கேசட்டையும் ஐம்பதாயிரம் படங்களையும் சேர்த்தால்கூட 400 கிகாபைட்டைத் தாண்டாது. கைப்பேசிக் காணொளிகள்தாம் வேகமாக இடத்தை அடைப்பவை. அவற்றையும் சேர்த்துப் பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பல ஆண்டுகளுக்குப் போதும். சினிமாப் படங்களைக் குவிக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குவதைவிட, அதே பணத்தில் இரண்டாவது பிரதிக்கு ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் போதுமா?

பெரிய ஏமாற்றம் நேர்வது இங்கேதான். இரண்டு ஹார்ட் டிஸ்க் பொருத்திய பெட்டியில், ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும்படி அமைக்கலாம். இதை 'ரெய்டு' என்பார்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் பேரப்பிள்ளை தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டிலும் அந்த நொடியே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே ரெய்டு என்பது பேக்கப் ஆகாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் பழைய பெட்டிகளுக்குள் இணையம் வழியாக யாரோ நுழைந்து, உள்ளே இருந்ததைத் துடைத்தெடுத்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கான மென்பொருள் புதுப்பிப்பு 2015ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற தீநிரல் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வேறு பிரதி இல்லாதவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

எனவே துறையினர் சொல்லும் '3-2-1' விதியை மனத்தில் வைக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே.

வெளியே ஒரு பிரதி

கெடாவில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது விதியை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கோத்தா கோல மூடாவைச் சுனாமி தாக்கியது. 2021 ஆகஸ்ட் 18இல் குனோங் ஜெராய் அடிவாரத்தில் யான் வட்டாரத்தைத் திடீர் வெள்ளம் அடித்தது. 2022 ஜூலை 4இல் பாலிங் மாவட்டத்தின் கூப்பாங்கில் சேறும் மரமுமாக வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இத்தகைய நேரத்தில் உயிரோடு வெளியேறுவதே பெரிது. பெட்டியை யார் தூக்குவார்?

இணையச் சேமிப்பு ஒரு வழி. ஆனால் பதிவேற்ற வேகத்தைக் கவனியுங்கள். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட்டை ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். கைப்பேசி அலைவரிசையை மட்டும் நம்பியிருக்கும் தோட்டப்புற வீடுகளுக்கு இது ஒத்துவராது.

அவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கையடக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் முழுப் பிரதி எடுத்துப் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் உடன்பிறப்பிடம் கொடுத்துவிடலாம். தீபாவளிக்கு ஊர் வரும்போது அவர் அதைக் கொண்டுவந்து, புதிதாகப் பிரதி எடுத்துவைத்த மற்றொன்றை எடுத்துச் செல்வார். மாதக் கட்டணமும் இல்லை, இணையமும் தேவையில்லை.

எந்தப் பெட்டி?

கணினி தெரிந்த பிள்ளை வீட்டிலேயே இருந்தால் பழைய மேசைக் கணினியில் 'ஓப்பன் மீடியா வால்ட்' என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பயன்படுத்தலாம். ஆனால் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய கணினி மாதம் முழுதும் ஓடினால் 43 யூனிட் ஆகும். 20 வாட் இழுக்கும் நாஸ் பெட்டிக்கு 14 யூனிட்தான். பிள்ளை வெளியூரில் வேலை செய்கிறார் என்றால், அம்மாவும் அப்பாவும் சமாளிக்கக்கூடிய ஆயத்தப் பெட்டியே சரி. அதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு 'ஜெல்லிஃபின்', 'பிளெக்ஸ்' போன்ற மென்பொருள்கள் உள்ளன. கோப்பின் வகை தொலைக்காட்சிக்குப் பழக்கமானதாக இருந்தால், சமைத்ததை எடுத்துக் கொடுப்பதுபோல் சர்வருக்கு வேலை குறைவு. பழக்கமில்லாததாக இருந்தால் அந்தக் கணமே சமைத்துப் பரிமாற வேண்டும், அதற்கு வலுவான சில்லு தேவை. கேசட்டை மாற்றும்போதே எச்.264 வகை எம்பி4 கோப்பாக மாற்றிவிட்டால் சாதாரணப் பெட்டியே போதும்.

இடியும் பூட்டும்

நம் நாட்டில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. எனவே மின்பாய்ச்சல் தடுப்பானும், சிறிய யூபிஎஸ் ஒன்றும் கட்டாயம். இடி இரைச்சல் கேட்டால் பெட்டியை முறையாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுவது உத்தமம். இணையக் கம்பி வழியாகவும் மின்னல் வரும், அதையும் கழற்ற வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடக் கூடாது. 'டெயில்ஸ்கேல்' போன்ற தனிவழி இணைப்பைப் பயன்படுத்தலாம். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அமைத்தவருக்கு ஏதேனும் நேர்ந்தால், படங்கள் பூட்டிய பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடும்.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஃபூஜி எலெக்ட்ரிக் ஆலை ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் காந்தத் தகடுகளைத் தயாரித்திருக்கிறது. அந்தத் தகடு எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டாலும் என்றாவது ஒருநாள் பழுதாகும். அதை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வெளியே வைத்த பிரதியிலிருந்து ஏதாவது பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்படியே அந்தப் படங்களில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த விவரத்தை எந்த சர்வராலும் மீட்டுத் தர முடியாது.