ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையை மண் செய்யுமா? புவிவெப்ப ஏசி சுங்குவார்சத்திரத்துக்கு செட் ஆகுமா?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலிருந்து லாரி ஏறும் ஃப்ரிட்ஜ், குளிரைத் 'தயாரிப்பது' இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தச் சூட்டைக் காற்றில் விடாமல் மண்ணுக்குள் விட்டால்? அதுதான் புவிவெப்பக் குளிரூட்டல்.

கரன்ட் எப்படி வருகிறது?

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். எரிமலை, வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் இன்னும் வேகமாக ஏறும். அங்கே துளை போட்டு, வரும் நீராவியால் டர்பைனைச் சுற்றினால் மின்சாரம். 1904-ல் இத்தாலியின் லார்டரெல்லோவில் பூமிக்குள்ளிருந்து வந்த நீராவியால்தான் முதன்முதலில் பல்புகள் எரிந்தன. ஐஸ்லாந்தில் 10-ல் 9 வீடுகளுக்குக் கதகதப்பு தருவதும் இந்தச் சூடுதான்.

இந்தியாவில்?

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் சோதனைத் திட்டத்துக்கு 2021-ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டது. தெலங்கானாவின் மணுகூருவில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட் அளவில் முயன்றது. இரண்டுமே குட்டி முயற்சிகள்தான்.

நம்ம ஏரியாவில்?

இங்கே வெந்நீர் ஊற்று இல்லை. அதனால் கரன்ட் கனவு வேண்டாம். ஆனால் ஏசிக்கு ஊற்று தேவையில்லை. சில மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்க கிட்டத்தட்ட ஒன்றுதான். சென்னைப் பக்கம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். மே மாத மதியம், 40 டிகிரி காற்றில் சூட்டைத் தள்ளுவதைவிட மண்ணில் தள்ளுவது கம்ப்ரஸருக்கு ஈஸி. மின்கட்டணமும் குறையும்.

அப்போ சிக்கல் எங்கே?

குளிர் நாடுகளில் கோடையில் மண்ணுக்குள் விட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்து வீட்டைச் சூடாக்குவார்கள். கணக்கு சரியாகிவிடும். இங்கே 12 மாதமும் ஏசி. போட்டுக்கொண்டே இருந்தால் சுற்றியுள்ள மண்ணும் சூடாகி, சில ஆண்டுகளில் லாபம் கரையும். துளை போடும் செலவு வேறு.

வழி இருக்கா?

இருக்கு. தள்ளும் சூட்டில் ஒரு பகுதியை வெந்நீராக்கலாம். பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் குளிக்க, சமைக்க தினமும் வெந்நீர் வேண்டும். அது போக மிஞ்சும் சூட்டை இரவில் கூலிங் டவர் வழியாக வெளியேற்றினால் மண்ணுக்கும் ஓய்வு.

ஆக, புவிவெப்ப ஏசி போட நினைக்கும் கம்பெனி முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு ஆழம் தோண்டணும்' என்பதல்ல. 'உள்ளே விடும் சூட்டை என்ன செய்யப்போகிறோம்' என்பதுதான்.