உங்களுக்குத் தெரியுமா? வெறும் 0 எழுத 7 பைட்!

1981-இல் பிரிட்டனில் வெளிவந்த சிங்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினியின் நினைவகம் 1,024 பைட்தான். அதில் 125 பைட்டைக் கணினியே தன் சொந்தக் கணக்குவழக்குக்கு எடுத்துக்கொள்ளும். திரையில் தெரியும் எழுத்துகளுக்கும் அதிலேதான் இடம். திரை நிரம்ப நிரம்ப நிரலுக்கு நெருக்கடி. இடம் தீர்ந்தால் அடியில் '4/50' என்று தோன்றும். 4 என்றால் நினைவகம் போதவில்லை. 50, நிரல் நின்றுபோன வரி.

நிரல் எழுதுபவர்கள் உடனே எண்களில்தான் கைவைப்பார்கள். பேசிக் மொழி நிரலில் எழுதும் ஒவ்வோர் எண்ணோடும், கண்ணுக்குத் தெரியாமல் 6 பைட் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெறும் 0-க்கு 7 பைட்! கில்லாடிகள் அதற்குப் பதில் 'நாட் பை' என்று எழுதினார்கள். பை (π) என்ற கணித மாறிலி பூஜ்யம் அல்ல. பூஜ்யம் அல்லாத எண்ணுக்கு 'நாட்' போட்டால் விடை 0. கட்டளைச் சொல் ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் செலவு 2 பைட்தான். 1-க்கு 'எஸ்ஜிஎன் பை': 'எஸ்ஜிஎன்' எண்ணின் குறியைச் சொல்லும், நேர்ம எண்ணுக்கு விடை 1. 100-ஐ மேற்கோள்குறிக்குள் வைத்து முன்னால், எழுத்தை எண்ணாக மாற்றும் 'வால்' சேர்த்தால் 9 பைட் 6 ஆகும். வேகம் சற்றுக் குறையும்; இடமே இல்லாதபோது வேகத்தை யார் பார்த்தார்கள்?

காசு இருந்தவர்கள் 16 கிலோபைட் நினைவகப் பெட்டியை வாங்கிப் பின்னால் செருகினார்கள். அது லேசாக ஆடினாலே போதும், தட்டியதெல்லாம் போய்விடும்.