ஐரோப்பாவில் போட்ட கோடும் நம் மலைத் தேயிலையும்

சூரியநெல்லி மலையில் கிள்ளும் கொளுந்தின் விலைக்கும், ஐரோப்பாவில் எதிரெதிராக நின்ற இரு ராணுவ அணிகளுக்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

இரண்டு அணிகள்

ஹிட்லரை வீழ்த்தும்வரை அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒரே பக்கம் நின்றன. 1945-ல் போர் முடிந்ததும் சந்தேகம் புகுந்தது. 1949 ஏப்ரல் 4-ந் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் "நேட்டோ" ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருதுவது என்பது அதன் சாரம். 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனியும் அதில் சேர்ந்தது. சில நாட்களிலேயே, மே 14-ந் தேதி, சோவியத் யூனியனும் 7 நாடுகளும் வார்சா ஒப்பந்தம் செய்துகொண்டன.

ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது. 1961-ல் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம்.

நாம் எங்கே நின்றோம்?

பாகிஸ்தான் அமெரிக்க அணியின் ஒப்பந்தங்களில் சேர்ந்தது. நேரு எந்த ராணுவ அணியிலும் சேர மறுத்தார். அணி சேரவில்லையே தவிர, வியாபாரம் இரு பக்கமும் நடந்தது.

1953 டிசம்பரில் சோவியத் யூனியனுடன் வர்த்தக ஒப்பந்தம் ஏற்பட்டது. டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே கணக்கு. அங்கிருந்து எண்ணெயும் இயந்திரங்களும் ஆயுதங்களும் வந்தன. இங்கிருந்து தேயிலை, காப்பி, முந்திரிப் பருப்பு சென்றன. 1980-களில் இந்தியத் தேயிலையை அதிகம் வாங்கிய நாடு சோவியத் யூனியன்தான். தென்னிந்தியத் தேயிலைக்கு அதுவே பெரிய ஆதாரம்.

சுவர் விழுந்தது

1989 நவம்பர் 9-ந் தேதி பெர்லின் சுவர் திறந்தது. 1991 ஜூலை 1-ந் தேதி வார்சா அணி கலைந்தது. டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமற்போனது. போர் அபாயம் நீங்கியது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால், ரூபாய்க் கணக்கில் மொத்தமாக வாங்கிய கை நின்றுவிட்டது.

பின்னர் 1990-களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. வேறு நாடுகளின் போட்டி, பழைய செடிகள், நிர்வாகக் குறைகள் ஆகியவையும் காரணங்கள்தாம். எனினும் பழைய வாடிக்கைக்காரரை இழந்தது பெரிய அடி. 2000-க்குப் பின் பீருமேடு பகுதியில் பல எஸ்டேட்டுகள் கைவிடப்பட்டன. லயங்களில் அடுப்பு எரிவதே பாடாயிற்று. அணி சேராத நாட்டின் தொழிலாளியும் அணிகளின் சண்டைக்குக் கணக்குத் தீர்த்தார்.

இன்று நேட்டோவில் 32 நாடுகள். 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பா மறுபடி பிளந்தது. அதே ஆண்டு ஜூலையில், வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயில் முடித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி திறந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒரே வாடிக்கைக்காரரை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்பதை நம் மலை ஒருமுறை பார்த்துவிட்டது. போடி மெட்டு ஏறி வந்து பிழைப்பவர்கள் உலகச் செய்திப் பக்கத்தைப் புரட்டாமல் விட முடியாது. அதில் நம் கூலிக் கணக்கும் இருக்கிறது.